வராதவர் மேல் தீர்ந்த வழக்கு

அண்ணை,

இன்று காலை எங்கள் படலையடியில் பிஸ்கால் ஆள் ஒருவர் வந்து நின்றார். கோட்டிலிருந்து சமன்ஸ் கொண்டுவருகிறவர். நல்ல மழை. தோளில் கிடந்த துணிப்பையைத் திறந்து, நாலாய் மடித்த ஒரு கடதாசியை எடுத்தார். நனைந்த கடதாசியும் மையும் சேர்ந்த மணம் என் முகத்தில் அடித்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். கோட்டு மண்டபத்து வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து எத்தனையோ காலைகள் மணந்தது.

எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, "உவர் எந்த வீடு தங்கச்சி?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் நகரவில்லை. "எனக்கு ஆளைத் தெரியாது. ஒருக்கா வந்து, இவர்தான் எண்டு ஆளைக் காட்டிவிடுவியளோ?" என்றார்.

"வீட்டைக் காட்டிப்போட்டன். ஆளைக் காட்ட மாட்டன்" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். நான் அடுப்படியில் போய் இருந்துவிட்டேன். உலையில் போட்ட அரிசி குழைந்து கூழாய்ப் போயிற்று. மத்தியானம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது, "பிஸ்கால் ஆள் வந்தவர், வேறை வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னேன். இவர் குழைந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மனம் அடங்கவில்லை. இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவதென்று தெரியாமலே எழுதத் தொடங்கிவிட்டேன்.

வழக்கு வந்த அந்த வருடம் சோளகம் முந்தியே எழும்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சோளகக் காற்றோடு ரங்கூனுக்குப் பாய்விரித்துப் போனால் வாடைக் காற்றோடுதான் திரும்பி வருவீர்கள். இடையில் ஆனியிலிருந்து மார்கழிவரை உங்களிடமிருந்து ஒரு சொல்லும் வராது. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அந்த மாதங்களில் எனக்குத் துணை குஞ்சம்மா மட்டும்தான். அம்மாவின் தங்கை என்றாலும் அம்மாவைவிடக் கண் மங்கிப்போனவ. நீங்கள் புறப்பட்ட அன்று கரையில் தோளில் மூட்டையோடு நின்றுகொண்டு, "பிள்ளை, இந்தமுறை வந்து நிக்கேக்கை உனக்குக் கலியாணம். வளவை உன்ரை பேரிலை எழுதிப்போட்டுத்தான் அடுத்த கப்பல் ஏறுவன்" என்றீர்கள். அதற்கு முந்திய பயணத்தில் கொண்டுவந்த தேக்கம் பலகையில் தச்சனை வைத்து வீட்டுக்குக் கதவு செய்திருந்தீர்கள். எங்கள் கரையில் அப்படியொரு கதவு வேறு எந்த வீட்டிலும் இருக்கவில்லை. போகும்போதுகூட அதை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

வளவு அப்பாவின் முதுசம். வீடு, கிணறு, ஏழெட்டுத் தென்னை, கடல்பக்கம் ஒரு பூவரச வேலி. அந்த வேலிக்குக் கிழக்கே சித்தப்பா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கிணறும் வீடும் நிற்கிற பாதி தன் தகப்பனுக்குப் பிரிந்த பங்கு என்று அவர் அப்பா இருந்த காலத்திலேயே முணுமுணுத்தவர். அப்பா காணி உறுதியை எடுத்துக் காட்டுவார், அவர் வாயை மூடுவார். அப்பா போனபிறகு அந்தக் கதையையே விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நீங்களும் நானும் நினைத்திருந்தோம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் சித்தப்பா வந்தார். நான் முற்றத்தில் வாழைக்குற்றி நட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரவில்லை, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றே சொன்னார்.

"பிள்ளை, தைப்பொங்கல் மட்டும் இருங்கோ. அதுக்குப் பிறகு வளவை விட வேணும்."

"ஏன் சித்தப்பா?"

"கோட்டிலை வழக்கு வைச்சு எல்லாம் தீர்ந்துபோச்சு. கொண்ணைக்குச் சமன்ஸ் குடுத்தது. ஆள் தவணைக்கு வரேல்லை. வராததாலை எனக்குத் தீர்ப்பாச்சு."

"அண்ணைக்கு ஆர் குடுத்தது? அவர் ரங்கூனிலை எல்லோ நிக்கிறார்?"

"அது கோட்டுக்காரருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தநாள் விளக்கு ஏற்றினேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. குஞ்சம்மாதான் வாழைக்குற்றியில் சிட்டி விளக்கை வைத்து, தடவித் தடவி நெருப்புக் கொளுத்தினவ.

தை மாதம் கப்பல் வந்தது. மார்பளவு தண்ணீரில் இறங்கி, தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தீர்கள். எனக்கென்று ஒரு சிவப்பு அரக்குப் பெட்டி வாங்கி வந்திருந்தீர்கள். அதைக் கையில் வாங்காமலே சொன்னேன். முதலில் நீங்கள் பெரிதாய்ச் சிரித்தீர்கள். "எனக்கோ? எங்கை வைச்சுக் குடுத்தவையாம், நடுக்கடலுக்கை நீந்தி வந்தோ?" என்றீர்கள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

இரண்டு நாளில் உங்களோடு நானும் புறக்கிறாசியார் வீட்டுக்கு வந்தேன். நல்ல மனிதர். வழக்குப் பேசுகிறவர்களில் அவரைப் போல் எங்களை இருத்தி வைத்துக் கதைத்தவர் வேறு ஒருவர் இல்லை. கோட்டில் போய்ப் பார்த்துவந்து எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கால் ஆள் ஆவணி மாதம் எங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது. வழக்கு வைத்தவரே கூடவந்து, படலையடியில் நின்ற ஒரு ஆளைக் காட்டி, "இவர்தான்" என்றிருக்கிறார். அந்த ஆளும் கையை நீட்டிச் சமன்ஸை வாங்கிக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்லித் தலையாட்டியிருக்கிறார். தவணை அன்று கோட்டில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. ஒருபக்கத் தீர்ப்பாயிற்று. அதை உறுதியாக்குமுன் அறிவிக்கிற இரண்டாவது கடதாசியும் அதே மாதிரி அதே ஆளின் கைக்குப் போயிற்று.

"ஆர் ஐயா அந்த ஆள்?" என்று கேட்டீர்கள்.

"அதைத் தெரிஞ்சால் வழக்கே இல்லைத் தம்பி."

இன்றைவரைக்கும் அது யாரென்று தெரியாது அண்ணை. சிலர் வேறு ஊரிலிருந்து தோட்டவேலைக்கு வந்த ஆள் என்றார்கள். சிலர் சித்தப்பாவின் மைத்துனன் முறையானவர் என்றார்கள். முகமில்லாத ஒரு மனிதன் எங்கள் படலையடியில் உங்கள் பெயரோடு கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான். அந்த நேரம் நான் உள்ளே சமைத்துக்கொண்டிருந்திருப்பேன், அல்லது கடற்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தீர்ப்புப் பிழை. மேல்கோட்டுக்கு அப்பீல் குடுக்கலாம்தானே ஐயா?"

புறக்கிறாசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராத ஆளுக்கு எதிராய்க் குடுத்த தீர்ப்புக்கு அப்பீல் இல்லைத் தம்பி. சட்டம் அப்பிடி. அதே கோட்டிலை, அதே நீதவானிட்டைத்தான் போக வேணும். எனக்கு அறிவித்தல் கிடைக்கேல்லை, அதாலைதான் வரேல்லை எண்டு சத்தியக்கடதாசி போட்டு, சாட்சி வைச்சு ஒப்புவிக்க வேணும். அவர் நம்பினால் தீர்ப்பை அழிச்சு, வழக்கைப் புதிசாய் விளங்குவார்."

"நம்பாட்டில்?"

"நம்பேல்லை எண்டு அவர் எழுதிற கட்டளைக்கு அப்பீல் இருக்கு. அந்தக் கட்டளைக்கு மட்டும்."

"அப்ப எங்கடை உறுதியை ஆர் பாக்கிறது? காணி ஆற்றை எண்டு எப்ப கதைக்கிறது?"

"அது பிறகு. நீர் அண்டைக்கு ஏன் வரேல்லை எண்டதுதான் இப்ப கதை."

நீங்கள் உறுதியை மடியில் வைத்திருந்தீர்கள். அப்பா சுற்றிவைத்த அதே மஞ்சள் துணியோடு. திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் அதை என்னிடம் தந்து, "இதை ஒருத்தரும் விரிச்சுக்கூடப் பாக்கேல்லை, கண்டியோ" என்றீர்கள்.

நாங்கள் மனுப் போட்டதால் வளவைப் பொறுப்பெடுப்பது நின்றது. மாசி மாதம் முதல் தவணை. கப்பலில் உங்களோடு ரங்கூன் போய்வந்தவர்கள் எல்லாரும் சலவை வேட்டி கட்டி, தண்டையல் முன்னால் வர, கோட்டு வாசலில் வந்து நின்றார்கள். தண்டையல் ஒருவரே போதும். கப்பலை நடத்துகிறவர், ஊரில் மதிப்பான மனிதர். "ஆனியிலை இருந்து தை மட்டும் இவன் என்ரை கப்பலிலை நிண்டவன் எண்டு எந்தக் கோயிலிலையும் சொல்லுவன்" என்று புறக்கிறாசியாரிடம் சொன்னார். எனக்கு அன்று நெஞ்சு நிறைந்திருந்தது. எல்லாம் சரியாய்ப் போகும் என்று நம்பிய கடைசி நாள் அதுதான். சித்தப்பாவுக்காக வழக்குப் பேசுகிற அப்புக்காத்துக்குச் சுகமில்லை என்று யாரோ எழும்பிச் சொன்னார்கள். நீதவான் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். வழக்கு ஆனி மாதத்துக்குப் போயிற்று.

ஆனி என்றதும் தண்டையல் உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். ஆனியில் சோளகம். சோளகத்தில் ஒரு கப்பற்காரனும் கரையில் இருக்கமாட்டான்.

எனக்குப் பேசியிருந்த கலியாணம் பங்குனியில் குழம்பிற்று. மாப்பிள்ளை வீட்டார் கோபமாய் ஒன்றும் சொல்லவில்லை. "வழக்கு முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார்கள். நீங்கள்தான் அதற்காக என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கிழமை திரிந்தீர்கள். எனக்கு அந்த மாப்பிள்ளையின் முகமே சரியாய்த் தெரியாது, அதனால் வருத்தமும் பெரிதாய் இருக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போயிற்று. தண்டையல் ஏறுமுன் சத்தியக்கடதாசி ஒன்றில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். "தம்பி, நான் ஒரு ஆள் நிக்கலாம். இத்தனை பேற்றை சீவியத்தை ஏற்றின கப்பல் நிக்க ஏலாதெல்லோ" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் அழுததைக் கண்டேன். பாய் மறையும்வரை நீங்கள் கரையில் நின்றீர்கள். உங்கள் பதினேழு வயதிலிருந்து சோளகத்தில் நீங்கள் கரையில் நின்றது அந்த ஒரு வருடம்தான்.

தவணை வந்தது. சாட்சிக் கூண்டில் முதலில் பிஸ்கால் ஆள் ஏறினார். நரைத்த மீசை, திருநீறு, அமைதியான குரல். தான் கொண்டுபோனதையும், வழக்காளி ஆளைக் காட்டியதையும், அந்தி மங்கலில் தாடிவைத்த அந்த ஆள் வாங்கியதையும் ஒழுங்காய்ச் சொன்னார். அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவர் உங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். "இவர்தான்" என்றார். நீங்கள் இருந்த இடத்திலிருந்து எழும்பி, "அண்ணை, என்ரை முகத்தை வடிவாய்ப் பாருங்கோ" என்றீர்கள். நீதவான் மேசையில் தட்டினார். புறக்கிறாசியார் உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை அண்ணை. நாள் முழுக்க வீடு வீடாய்க் கடதாசி கொடுக்கிறவர். பத்து மாதத்துக்கு முன் மங்கல் வெளிச்சத்தில் பார்த்த தாடிவைத்த ஒருவனை நினைத்துக்கொண்டு, கோட்டில் தாடியோடு நின்ற உங்களைப் பார்த்தார். நம்பித்தான் சொன்னார். பொய்யென்றால் எங்காவது இடறியிருக்கும். புறக்கிறாசியார் எத்தனை விதமாய்க் கேட்டும் அவர் இடறவில்லை.

துறைமுகத்துப் பதிவில் கப்பலின் பெயரும் தண்டையலின் பெயரும்தான் இருந்தன, வேலையாட்களின் பெயர் இல்லை. தண்டையலின் சத்தியக்கடதாசியை அப்புக்காத்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, கடதாசியைக் குறுக்குக்கேள்வி கேட்க முடியாது என்றார். குஞ்சம்மாவைக் கூண்டில் ஏற்றினால், எதிரில் நிற்பது யாரென்றே தெரியாமல் விழிப்பா என்று புறக்கிறாசியார் கூப்பிடவில்லை. நீங்கள் சொல்வதை உங்கள் சொந்த வழக்குக்காகச் சொல்வதாகத்தான் எடுப்பார்கள். ஒழுங்கைக்காரர் சித்தப்பாவைப் பகைக்க விரும்பவில்லை. மிச்சம் நான்.

அப்புக்காத்து இங்கிலீசில் கேட்க, துவிபாஷி முதலியார் தமிழில் சொன்னார்.

"உமது தமையன் எந்தத் திகதியில் கப்பலேறினார்?"

"ஆனி உத்தரம் முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை."

"இங்கிலீசுத் திகதி?"

"தெரியாது ஐயா."

"சமன்ஸ் கொடுக்கப்பட்ட திகதி தெரியுமா?"

"தெரியாது. எங்களுக்கு ஒண்டும் வரேல்லை."

"எந்த நாளென்றே உமக்குத் தெரியாது. அந்த நாளில் அவர் ஊரில் இல்லை என்று எப்படிச் சத்தியம் செய்கிறீர்?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். "சோளகம் வீசின காலம் முழுக்க அவர் இஞ்சை இல்லை ஐயா" என்றேன். முதலியார் அதை இங்கிலீசில் சொன்னபோது மிகச் சின்னதாய் இருந்தது. நான் சொன்னது முழுவதும் அதற்குள் அடங்கியிருக்குமா என்று எனக்கு ஐமிச்சமாய் இருந்தது.

"இந்தக் காணி உமது சீதனத்துக்கு வைத்திருந்ததா?"

"ஓம்."

"அப்படியென்றால் காணி போனால் நட்டம் உமக்குத்தான்?"

"ஓம் ஐயா."

அவர் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒவ்வொரு உண்மையும் எங்கள் பக்கத்துக்கு எதிராய்ப் போய் நின்றதை இறங்கும்போதே உணர்ந்தேன். வெளியில் வந்ததும், "நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டனோ அண்ணை?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை. நீ சரியாய்த்தான் சொன்னனி" என்றீர்கள். கடையில் ஒரு சோடா வாங்கித் தந்தீர்கள். திறந்து நீட்டும்போது பாதி என் சேலையில் ஊற்றிற்று.

ஆடியில் கட்டளை வந்தது. நீதவான் கோபமாகவோ ஏளனமாகவோ ஒன்றும் எழுதவில்லை. அரசாங்க உத்தியோகத்தனுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மனுக்காரரின் சகோதரி பிரதிபலன் உள்ள சாட்சி, திகதியும் அறியாதவர். தீர்ப்பை அழிக்கப் போதிய நியாயம் காட்டப்படவில்லை. முதலியார் அதைத் தமிழில் வாசித்தபோது நல்ல தமிழாய் இருந்தது.

அந்தக் கட்டளைக்கு அப்பீல் கொழும்புக்குப் போயிற்று. அதற்காக நீங்கள் தோணியில் கூலிக்குப் போனீர்கள், வலை இழுத்தீர்கள். கப்பற்காரன் கரைவலை இழுப்பதைப் பார்த்து ஊரில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் குஞ்சம்மாவும் நேர்த்தி வைத்தோம், விரதம் பிடித்தோம். கொழும்பில் பெரிய நீதவான்கள் எங்கள் உறுதியை விரிப்பார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அங்கேயும் அது விரிக்கப்படவில்லை. சாட்சியை நேரில் பார்த்த நீதவான் நம்பவில்லையென்றால் பாராத நாங்கள் தலையிட முடியாது என்று சொல்லி, அடுத்த பங்குனியில் அப்பீலைத் தள்ளிவிட்டார்கள். புறக்கிறாசியார் தானே வண்டி பிடித்து வந்து சொன்னார். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டு, "காணி உங்கடைதான். எனக்கு அதிலை ஐமிச்சமே இல்லை" என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்கும், உடனே எழும்பிவிட்டார்.

வளவைப் பொறுப்பெடுக்க வந்த அன்று விடிய நான் வீட்டைக் கூட்டி, மெழுகி, முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தேன். "ஆருக்குப் பிள்ளை இது?" என்று குஞ்சம்மா கேட்டா. குப்பையாய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிஸ்கால் ஐயா, ஊர் விதானையார், சித்தப்பா மூவரும் வந்தார்கள். பானை சட்டி, பாய், அரக்குப் பெட்டி எல்லாம் வண்டியில் ஏற்றினோம். கடைசியில் நீங்கள் ஒரு உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனீர்கள்.

"என்ன செய்யிறீர்?" என்றார் பிஸ்கால் ஐயா.

"கதவைக் கழட்டிறன். இது நான் ரங்கூனிலை இருந்து கொண்டுவந்த பலகை."

"நிலையோடை பூட்டினது காணியோடை சேர்ந்தது. தொட ஏலாது."

நீங்கள் சித்தப்பாவைப் பார்த்தீர்கள். அவர் தென்னை வட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சித்தப்பா, நீங்கள் சொன்னா விடுவினம். கதவு மட்டும்" என்றீர்கள். ஒருவரிடமும் எதையும் கேட்காதவர் நீங்கள். அவர் கிணற்றடிக்கு நடந்துவிட்டார். உளியை வண்டிக்குள் போட்டுவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பை விதானையாரின் கையில் வைத்தீர்கள். அன்று உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தேன். என்னால் செய்யக்கூடியதாய் அந்த ஒழுங்கையில் ஒன்றும் இருக்கவில்லை.

கரையோரம் ஒரு கொட்டிலுக்குப் போனோம். ஆனியில் நீங்கள் திரும்பவும் தண்டையலோடு ஏறினீர்கள். "ஒரு பயணம், பிள்ளை. ஒரு சின்னத் துண்டுக் காணி வாங்கிறன்" என்றீர்கள். வாடை தொடங்கியதும் மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாய் வந்தன. தையும் போயிற்று. மாசியில் கடைசியாய் வந்த கப்பற்காரர்கள், அந்தமானுக்கு இப்பால் உங்கள் பாயைக் கண்டதாகவும், அன்று பின்னேரம் பெரும் புயல் எழும்பியதாகவும் சொன்னார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வாடையிலும் வராதபோது, கப்பலில் போனவர்களின் வீட்டார் எல்லாரும் சேர்ந்து கீரிமலையில் ஈமக்கிரியை செய்வதென்று முடிவெடுத்தார்கள். தண்டையலின் பெண்சாதியே சம்மதித்துவிட்டா. என்னிடம் பெரியவர்கள் வந்து இருந்தார்கள்.

"இன்னும் ஒரு வாடை பாப்பம்" என்றேன்.

"பிள்ளை, ஆள் வாறதெண்டால் வந்திருக்கும்."

"வரேல்லை எண்டதுக்காகத் தீர்த்துப்போடாதேங்கோ" என்று நான் கத்தினேன். அவர்களுக்கு நான் எதைச் சொன்னேன் என்று விளங்கியதோ தெரியாது. ஒருவர் மெதுவாய், "குடுக்க வேண்டியதைக் குடுக்காட்டில் அவன் அலைவான் அம்மா" என்றார். அதற்குப் பிறகு என்னால் எதிர்த்துக் கதைக்க முடியவில்லை. நீங்கள் எங்காவது தண்ணீர் கேட்டு அலைந்தால்?

தருப்பையால் ஒரு ஆள் உருவம் கட்டி வைத்தார்கள். அம்மாவழியில் தம்பி முறையான ஒருவன் உங்களுக்காகப் பூணூல் போட்டுக்கொண்டு இருந்தான். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெடியன்தான் சொன்னான். நீங்கள் ஊரில் இல்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. எங்கேயோ இருக்கிறீர்கள் என்று கீரிமலையில் சொல்ல நினைத்தேன், சொல்ல எனக்கே துணிவு வரவில்லை.

குஞ்சம்மா அந்த மாரியிலேயே போய்ச் சேர்ந்தா. அதற்கடுத்த வருடம் இவர் என்னைக் கேட்டு வந்தார். கடற்கரைத் தெருவில் கப்பல்களுக்குக் கயிறும் கப்பியும் விற்கிற கடை. உங்கள் கப்பலுக்கும் கயிறு கொடுத்தவராம். சீதனம் என்ற சொல்லே எடுக்கவில்லை. நல்லவர் அண்ணை. நீங்கள் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது சண்டைக்காலம், பர்மாவுக்கு ஒரு கப்பலும் போவதில்லை, கடையில் யாவாரம் குறைவு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

சித்தப்பா இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். பிள்ளைகள் வளவைப் பிரித்து ஒரு பகுதியை விற்றுவிட்டார்கள். ஒருநாள் அந்த ஒழுங்கையால் போகவேண்டி வந்தது. கதவு அப்படியே நிற்கிறது. ஒரு பெண்பிள்ளை அதில் சாய்ந்துகொண்டு சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு, "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டது. "ஒருத்தரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இந்த ஆவணியில் எங்களுக்கு ஒரு பெடியன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க எல்லாரும் வந்திருந்தார்கள். உங்கள் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், இவரும் அதைத்தான் நினைத்திருந்தார். போனவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம்தானே. பிள்ளையின் காதடியில் இவர் குனிந்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"வேறை பேர் வையுங்கோ" என்றேன்.

"ஏனப்பா? உனக்கு விருப்பமாய் இருக்குமெண்டு நினைச்சன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"அந்தப் பேருக்கு ஆள் இருக்கு."